முதலில் ஏரி, பிறகு ஏற்றம்: நுவரெலியா சைக்கிள் படகு உலா ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நுவரெலியா நகரைச் சைக்கிளிலும் படகிலும் சுற்றிக் காட்டும் அரைநாள் உலா ஒன்றை உள்ளூர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஒக்டோபரில், சரஸ்வதி பூசை விடுமுறையை ஒட்டி நடந்த ஓர் உலா திட்டப்படி முடியவில்லை. ஏற்றத்தில் ஒருவருக்கு மூச்சு வாங்கியது. இறக்கத்தில் ஒருவர் விழுந்தார். மழையால் படகு விடவில்லை. படகுக்காகவே காலையிலிருந்து ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா அதில் ஏறாமலே அறைக்குத் திரும்பினார்.

யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனாலும் அந்த நாளை நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலைநாட்டில் இப்படி உலா தொடங்க நினைக்கிற பலர் இப்போது இருக்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் வரக்கூடிய சிக்கல்கள் அந்த ஒரே நாளில் வரிசையாக வந்தன. அந்தக் குழுவின் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களில் நானும் ஒருவன். அன்றைய உலாவில் நான் இல்லை. வழிகாட்டி, சைக்கிள் வரிசையின் கடைசியில் ஓட்டி வந்த உதவியாளர், ஓட்டோக்காரர், படகுக்காரர், வந்திருந்த விருந்தினர்கள் எல்லோரிடமும் கேட்டுத் தொகுத்தேன். மறுநாள் காலை நடந்தது மட்டும் நான் நேரில் கண்டது. பெயர்களை விட்டுவிட்டேன்.

ஊரும் ஏரியும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே நிற்கும் பீதுருதாலகால 2524 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலை. அங்கிருந்து இறங்கி வரும் தலகல ஓயாவை மறித்து, சதுப்பாகக் கிடந்த நிலத்தில் 1873இல் உண்டாக்கப்பட்டது கிரகரி ஏரி. 1872 முதல் 1877 வரை ஆளுநராக இருந்த வில்லியம் கிரகரியின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. பின்னர் இந்த ஏரியின் தண்ணீர் சுரங்கம் வழியாக, நானுஓயாவுக்குப் போகும் வழியிலுள்ள ப்ளாக்பூல் மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்டது. இன்று அன்னப் படகும் மோட்டார்ப் படகும் ஓடுகிற தண்ணீர்தான் அந்தக் காலத்தில் ஊருக்கு விளக்கும் எரித்தது.

சைக்கிளும் படகும் சேர்ந்த நகர உலா என்றால் ஆம்ஸ்டர்டாம், கோப்பன்ஹேகன் மாதிரி ஊர்கள்தான் நினைவுக்கு வரும். அங்கே நிலம் மட்டம். வாய்க்கால் வீதிகளுக்கு நடுவிலேயே ஓடுகிறது. எங்கே சைக்கிளை விட்டு எங்கே படகில் ஏறினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நுவரெலியா அப்படியல்ல. ஏரி ஊரின் தெற்கே தாழ்வில் கிடக்கிறது. அதைச் சுற்றியும் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றியும் மட்டும்தான் நிலம் ஓரளவு சமமாக இருக்கும். மற்றப் பக்கம் எங்கே திரும்பினாலும் ஏற்றம், அல்லது திரும்பி வரும்போது ஏற்றமாக மாறப்போகிற இறக்கம். சீதாஎலிய சீதையம்மன் கோயிலுக்குச் சைக்கிளில் போகலாமா என்று பலர் கேட்பார்கள். போகும்போது சைக்கிள் தானாகவே ஓடும். வரும்போது நன்றாகப் பழகியவர்களே இறங்கித் தள்ளுவார்கள்.

பழைய வழி

குழு அதுவரை வைத்திருந்த வழி இதுதான். காலை ஒன்பது மணிக்குத் தபாலகத்துக்கு முன்னால் ஒன்றுகூடல். 1894இல் கட்டப்பட்ட அந்தச் செங்கல் கட்டடம் எல்லோரும் படமெடுக்கிற இடம். 2023இன் இறுதியில் அதை ஹோட்டலாக்கும் பேச்சு எழுந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும் வழிகாட்டி சொல்வார். பிறகு விக்டோரியா பூங்கா. அங்கிருந்து 1889இல் தொடங்கிய கோல்ஃப் கழகத்தின் ஓரமாக கிராண்ட் ஹோட்டல், ஹில் கிளப் பக்கம் ஏற்றம். அதன்பின் 1852ஆம் ஆண்டுக் காலத்துப் பரிசுத்த திரித்துவ ஆலயம். பிறகு இறக்கம், கடைத்தெரு, பந்தயத் திடல், ஏரிக்கரை. ஒன்றரை மணிக்குப் படகு. முடிவில் பிளேன்டீயும் கடியும், அதாவது பாலில்லாத் தேநீரும் சிற்றுண்டியும்.

படகைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. களைத்து வருகிறவர்களுக்கு அது ஓய்வு, நாளின் பரிசு. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

அன்று வந்தவர்கள் எட்டுப் பேர். தமிழ்நாட்டு நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து ஒரு குடும்பம்: அறுபதுகளின் பின்பாதியில் இருக்கும் ஓர் அம்மா, அவருடைய மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. கொழும்பிலிருந்து இரண்டு இளைஞர்கள். ஜேர்மனியிலிருந்து ஒரு தம்பதி. அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. "நான் ஏரிக்கரையிலயே இருக்கேன், நீங்க சுத்திட்டு வாங்க. போட்ல மட்டும் என்னைய ஏத்திக்கங்க" என்று முன்பதிவின்போதே சொல்லியிருந்தார். ஓட்டோக்காரர் அவரையும் துணைக்கு மருமகளையும் காலையிலேயே ஏரிக்கரையில் இறக்கிவிட்டார்.

ஏற்றத்தில் நடந்தது

கிராண்ட் ஹோட்டல் பக்க ஏற்றத்தில் கொழும்பு இளைஞர்களில் ஒருவர் பின்தங்கினார். உடற்பயிற்சிக்கூடம் போகிறவர், பார்த்தால் குழுவிலேயே பலசாலி. ஆலயத்தை நெருங்குகையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஹேண்டில் மேல் கவிழ்ந்தார். மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கை சில்லிட்டுவிட்டது என்றார். அதே ஏற்றத்தைக் கோத்தகிரிச் சிறுமி பேசிக்கொண்டே ஏறி முடித்திருந்தாள்.

இங்கே வழிகாட்டி நடந்துகொண்ட விதத்தை மற்றவர்களும் பழகிக்கொள்ள வேண்டும். "தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்று அவரை மதில் ஓரமாக உட்காரவைத்தார், படுக்கவிடவில்லை. ஜக்கெட்டின் கழுத்தைத் தளர்த்தினார். மூன்று கேள்வி கேட்டார்: நெஞ்சில் வலி இருக்கிறதா, ஆஸ்துமா உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். வலி இல்லை, ஆஸ்துமா இல்லை. சாப்பாடு, முதல்நாள் இரவு வழியில் இரண்டு பனிஸ். இரவு முழுக்க வேனில் வந்து, விடியற்காலை இறங்கி, ஒரு பிளேன்டீயோடு சைக்கிளில் ஏறியிருக்கிறார். பையிலிருந்த சுடுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மூச்சு சீரான பிறகும் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, ஓட்டோவில் ஏற்றிக் கீழே அனுப்பினார். வலி என்று சொல்லியிருந்தால் ஓட்டோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். அந்த ஏற்பாடு முன்பே பேசி வைத்தது.

1868 மீற்றரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதே அளவு குறைகிறது. சும்மா நடப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. மலைநோய் என்று பயப்படும் உயரமும் இது இல்லை. ஆனால் தூக்கம் கெட்டு, வயிறு காலியாக, குளிரில், கடல் மட்டத்திலிருந்து வந்த கையோடு ஏற்றத்தில் மிதிக்கும்போது அந்தக் குறைவு உடம்பில் ஏறிவிடும். கோத்தகிரியின் உயரம் ஏறத்தாழ நுவரெலியாவின் உயரம்தான். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது சொந்த ஊர்க் காற்று. விருந்தினரின் வயதையும் உடல்கட்டையும் பார்த்து யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்று கணிப்பது மலையில் எடுபடாது. நேற்று இரவு எங்கே தூங்கினீர்கள் என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி. இப்போது அது முன்பதிவுத் தாளில் முதல் கேள்வியாக இருக்கிறது.

பிரேக்

அடுத்தது இறக்கம். தூறல் விழுந்து வீதி நனைந்திருந்தது. ஓரத்தில் சைப்ரஸ் சருகு. ஜேர்மன் பெண்மணி வளைவில் வேகத்தைக் குறைக்க வலது கைப் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். முன்சக்கரம் கட்டிக்கொண்டது. சைக்கிள் சாய்ந்து அவர் பக்கவாட்டில் விழுந்தார். உள்ளங்கையும் முழங்காலும் உரசல். ஹெல்மெட் போட்டிருந்தார், தலை தரையில் படவில்லை. பின்னால் லொறி எதுவும் வரவில்லை, அது நல்லகாலம்.

அவர் நாட்டில் சைக்கிளின் இடது கைப்பிடியில்தான் முன்பிரேக் இருக்கும். வலது கை பின்சக்கரத்துக்கு. நம் பக்கம் அது நேர்மாறு: வலது கை முன்பிரேக். முப்பது வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறவருடைய கை யோசிக்காமல் செய்கிற வேலை இது. ஓட்டத் தெரியாதவரைவிட நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் இந்த இடத்தில் ஆபத்து அதிகம். அதோடு, குழுவின் சைக்கிள்களில் பாதி வெளிநாட்டிலிருந்து பழையதாக வந்தவை. சிலவற்றில் கம்பி இடம் மாறியிருந்தது, சிலவற்றில் இல்லை. காலையில் தபாலகத்துக்கு முன்னால் சீட் உயரமும் காற்றும் பார்த்தார்கள். எந்தக் கை எந்தச் சக்கரம் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

இதற்கு மருந்து எளிது. அந்த வாரமே எல்லாச் சைக்கிளிலும் கம்பியை மாற்றி ஒரே முறைக்குக் கொண்டுவந்தார்கள். முன்பிரேக் கைப்பிடியில் சிவப்புப் பட்டி சுற்றினார்கள். புறப்படுவதற்கு முன் ஒவ்வொருவரும் மட்டத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, முதலில் பின்பிரேக்கையும் பிறகு இரண்டையும் சேர்த்தும் பிடித்து நிறுத்திக் காட்ட வேண்டும். தபாலகத்துக்கு முன்னால் அதற்கு இடமில்லை. ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் ஓட்டோ. ஏரிக்கரையில் தாராளமாக இடம் இருக்கிறது. வழியை மாற்ற வேண்டும் என்ற பேச்சு முதலில் கிளம்பியது இந்தச் சின்னக் காரணத்தால்தான்.

மழையும் காத்திருப்பும்

மூச்சு வாங்கியவருக்காக ஒரு தாமதம், காயத்துக்கு மருந்து போட இன்னொரு தாமதம். எல்லோரும் ஏரிக்கரையை அடையும்போது பீதுருதாலகால முழுக்க மறைந்திருந்தது. இடி கேட்கத் தொடங்கியது. படகுத்துறையில் பயணச்சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மலை சூழ்ந்த திறந்த தண்ணீரில் மின்னல் நேரத்தில் படகு விடாதது முழுக்கச் சரியான முடிவு. கெஞ்சிப் பார்க்கவும் கூடாது, வழிகாட்டி கெஞ்சவில்லை.

மலைநாட்டில் ஒக்டோபர், நவம்பர் என்பது இரண்டு பருவப் பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெளித்திருக்கும், வெயில் ஏற ஏற மலை முகட்டில் மேகம் திரளும், பின்னேரம் இடியோடு கொட்டும். மார்ச், ஏப்ரலிலும் இதே போக்குத்தான். கொழுந்து பறிக்கப் போகிற எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்லுவார். அந்த மாதங்களில் ஒன்றரை மணிக்குப் படகு என்று எழுதி வைத்தால், ஓடாத நாட்களே அதிகமாக இருக்கும்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்தியது அந்த அம்மாவின் காத்திருப்பு. கம்பளிச் சட்டைக்கு மேலே சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி, ஒரு நாற்காலியில் காலை முழுவதும் இருந்திருக்கிறார். அவர் சைக்கிளுக்காக வரவில்லை. ஊர் பார்க்கவும் வரவில்லை. அவருக்கு இது பார்த்த ஊர். கந்தப்பளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, பதினான்கு வயதுவரை இங்கே இருந்தவர். ஒரு தடவை அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஏரிக்கரையில் நின்று படகைப் பார்த்திருக்கிறார். அப்போது ஏறவில்லை. இப்போது ஏற வேண்டும் என்று வந்திருந்தார். உலா முடிந்ததாக அறிவித்து, படகுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "காசு எதுக்குத் தம்பி, அதை நீங்களே வச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னாராம்.

வழிகாட்டி அன்று சாயங்காலம் எனக்குப் போன் எடுத்தார். "அண்ணே, அந்த அம்மாவ நாளைக்குக் காலையில முதல் போட்ல ஏத்திடணும். காசு வேணாம். நான் பேசிட்டேன்" என்றார். படகுக்காரரும் சம்மதித்திருந்தார். குடும்பம் மறுநாள் மத்தியானம்தான் கண்டிக்குக் கிளம்புவதாக இருந்தது.

மறுநாள் காலை

ஏரியிலிருந்து பனி விலகிக்கொண்டிருந்தது. குடும்பம் நால்வரும் வந்தார்கள். கையில் பிளாஸ்டரோடு ஜேர்மன் தம்பதியும் வந்தார்கள். கொழும்பு இளைஞர்களும் வந்தார்கள், மூச்சு வாங்கியவர் நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டுத் தெளிவாக இருந்தார். காற்று இல்லை. மோட்டார் சறுக்குப் படகுகள் இன்னும் இறங்காத நேரம், அதனால் அலையும் இல்லை.

படகுக்காரர் ஒரு காலைத் துறையிலும் ஒரு காலைப் படகிலும் வைத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உயிர்காப்பு அங்கியை அம்மாவுக்குப் போடுவதில் ஒரு சிக்கல். சேலை முந்தானை பட்டிக்குள் மாட்டியது, கம்பளிச் சட்டையோடு சேர்ந்து அங்கி தோளில் நிற்காமல் மேலே ஏறியது. மருமகள் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு, சட்டையைக் கழற்றி அங்கிக்கு மேலே போர்த்தினார். படகுக்காரர் மூன்று கொக்கிகளையும் கீழிருந்து மேலாகப் போட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். காது வரை ஏறவில்லை, சரி என்றார். அப்படித் தூக்கிப் பார்க்கும் சோதனையை எல்லாருக்கும் செய்ய வேண்டும். பல இடங்களில் அங்கியை மாட்டிவிடுவதோடு சரி. தண்ணீரில் விழுந்தால் அது தலைக்கு மேலாகக் கழன்றுவிடும்.

படகு கரையை விட்டதும் படகுக்காரர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா எந்தத் தோட்டம்?"

மலையகத்தில் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வது இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். அம்மா தோட்டத்தின் பேரைச் சொன்னார், மேக்கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவு, என்றார், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மாடசாமி கோயிலைச் சொன்னார். படகுக்காரரின் மனைவி வீட்டார் அதற்கு அடுத்த தோட்டம். கிழக்கே கையை நீட்டி, "அந்த மலை முதுகுக்கு அங்கிட்டு" என்று காட்டினார். அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். பேத்தி கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். பாஸ்போர்ட் வந்தது, போகச் சொன்னார்கள், நானுஓயாவில் ரயில் ஏறினோம், தலைமன்னாரில் கப்பல், அந்தக் கரையில் மண்டபம் முகாம். பிறகு கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களைக் குடியேற்ற 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களில் ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தார். அவருடைய தாத்தா நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாகக் கந்தப்பளைக்கு வந்த சின்ன ரயிலைப் பற்றிச் சொல்வாராம். உண்மைதான்: 1885இல் பெரிய ரயில் பாதை நானுஓயாவுக்கு வந்தது. அங்கிருந்து இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு பாதை நுவரெலியாவுக்கு 1903இலும் ராகலைக்கு 1904இலும் போனது. அது 1940களில் மூடப்பட்டது. பழைய உலாக் குறிப்பில் அந்தப் பாதை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

அன்று வழிகாட்டி தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் ஜேர்மன் தம்பதிக்குச் சொன்னார். முதல்நாள் நடந்தது இதற்கு நேர்மாறு: ஆங்கிலத்தில் நீளமாகச் சொல்லிவிட்டு, தமிழில் இரண்டு வாக்கியம். ஜேர்மன்காரர் அம்மாவிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார். எதற்காகப் போகச் சொன்னார்கள் என்றார். வழிகாட்டி விளக்கினார்: 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பதாகவும் பேசினார்கள், மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அம்மா குறுக்கிட்டு, "எங்க குடும்பத்தையும் அப்படித்தான் பிரிச்சாங்க. பெரியப்பா இங்க, நாங்க அங்க" என்றார்.

எங்கே பிசகியது

முதல்நாள் தபாலகத்துக்கு முன்னால் நடந்த ஒரு சிறு பேச்சை உதவியாளர் என்னிடம் சொன்னார். வழிகாட்டி சாமுவேல் பேக்கரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்: 1840களில் வந்து குடியேறி, இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து, மரக்கறி போட்டு, இதை ஒரு சின்ன இங்கிலாந்தாக ஆக்கப் பார்த்தவர். சிறுமி கேட்டாள்: "நம்ம ஆளுங்க எங்க இருந்தாங்க?" வழிகாட்டி, "அது தோட்டத்துப் பக்கம்டா. நாம அங்க போறதில்ல" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் லயத்தில் பிறந்தவர். அவருக்குத் தெரியாத கதையல்ல. அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த வழியில் அதைச் சொல்ல இடமே இல்லை. ஹோட்டல், கிளப், கோல்ஃப், ஆலயம் என்று போகிற பாதையில் கட்டியவரின் பெயர் வரும், கட்டுவித்தவரின் பெயர் வரும். கல் சுமந்தவர் வர மாட்டார். ஏரி நடுவில் நிற்கும்போது அப்படி இருக்க முடியாது. சுற்றிப் பார்த்தால் தேயிலை மலைகள் ஊரை வளைத்துக்கொண்டு நிற்கின்றன. யார் அங்கே நட்டது, யார் பறிப்பது என்ற கேள்வி தானாக வரும்.

இதற்கு மருந்தாக உலாவை லயத்துக்குள் கொண்டுபோகலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் கடுமையாக மறுத்தேன். குழாயடியில் குளிக்கிறவர்களை, வாசலில் சமைக்கிறவர்களைச் சைக்கிளில் வந்து நின்று பார்ப்பதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. நம் சனம் காட்சிப் பொருளல்ல. அவர்கள் கதையை அவர்களே, அவர்களுக்குப் பிடித்த இடத்தில், பிடித்த அளவுக்குச் சொல்ல வேண்டும். படகு அதற்கு ஏற்ற இடம்: எல்லோரும் முகம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், ஓட வேண்டியதில்லை, மூச்சு வாங்காது, ஓட்டத் தெரியாதவரும் சமமாக இருப்பார்.

படகைக் கடைசியில் வைத்த அந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்றதெல்லாம் விளைந்தது. அதனால்தான் தூக்கமில்லாதவர் முதலிலேயே ஏற்றத்தில் ஏற வேண்டியிருந்தது, சைக்கிளின் பிரேக்கைச் சோதிக்க மட்டமான இடம் கிடைக்காமல் போனது, படகு இடிமழை நேரத்தில் மாட்டியது. ஓட்ட முடியாதவர் நாள் முழுக்க வெளியே இருந்ததும், ஊரின் கதை பாதியாகக் குறைந்ததும் அதனால்தான்.

புதிய வழி

இப்போது உலா ஏரிக்கரையில் தொடங்குகிறது, படகுத்துறை திறந்த உடனே. படகுக்காரர்களுடன் இதைப் பேசி முடிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. காலையில் ஆள் குறைவு, ஒரு குழுவுக்காக எஞ்சினைப் போடுவது கட்டுப்படியாகாது என்றார்கள். இரண்டு உலாக்களை ஒரே நேரத்தில் சேர்த்ததும் ஒத்துக்கொண்டார்கள். படகில் இருக்கும்போதே கதையின் முதல் பாதி முடிகிறது: கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தது, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது, 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது, சின்ன ரயில். மலையகத் தமிழரின் வருகைக்கு 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு, 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த நடைபயணத்தில் வழிகாட்டிகளில் ஒருவர் கடைசி நாட்களில் சேர்ந்து நடந்திருக்கிறார். அவர் முறை வரும்போது அதைப் பற்றிச் சொல்வார்.

கரைக்கு வந்ததும் காலைச் சாப்பாடு: ரொட்டி, கட்டைச் சம்பல், தேநீர். வெறும் வயிற்றோடு யாரையும் சைக்கிளில் ஏற்றுவதில்லை. பிறகு பிரேக் சோதனை. பிறகு ஏரியைச் சுற்றிய மட்டமான பாதை, பந்தயத் திடல், விக்டோரியா பூங்கா, தபாலகம். பூங்காவில் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வரும். பறவை பார்க்கிறவர்கள் அதற்காகவே வருவார்கள். குழுவில் அப்படி யாரும் இருந்தால் அங்கே நேரம் போவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஏற்றம் கடைசியில், விரும்புகிறவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் ஓட்டோவில் ஆலயத்துக்குப் போகிறார்கள். ஓட்டோக்காரர் ஏற்றத்தையே விட்டுவிடலாம் என்றார். வழிகாட்டி, வெளிநாட்டார் அந்தப் பக்கம்தான் கேட்கிறார்கள் என்றார். இப்போதைய ஏற்பாடு இரண்டு பேருக்கும் ஓரளவு சம்மதம்.

தீராத விஷயங்களும் உண்டு. ஏரியை ஒட்டிய பதுளை வீதியில் காலையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிய லொறிகள் வேகமாக வருகின்றன. உதவியாளர் கடைசியில் மஞ்சள் மேலங்கியோடு வருவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஏப்ரல் சீசனில் ஊரே நிரம்பி, போக்குவரத்தும் மாறிவிடுவதால் அந்த வாரங்களில் சைக்கிள் பகுதியை நிறுத்திவிட்டு படகை மட்டும் வைத்திருக்கிறார்கள். உரிமம் இன்னொன்று. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளைத் தேசியம், பிரதேசம், தலம், சாரதி என்று வகை பிரித்து உரிமம் கொடுக்கிறது. இந்த இளைஞர்களுக்குப் பொருந்துவது பிரதேச வழிகாட்டி உரிமம். அதற்கான படிப்பும் செலவும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எளிதல்ல. ஆனால் அது இல்லாமல் இந்தத் தொழிலில் அவர்கள் எப்போதும் யாருக்கோ உதவியாளராகத்தான் இருக்க வேண்டியிருக்கும். குழு தன் வருமானத்தில் ஒரு பங்கை இப்போது அதற்கென்று ஒதுக்குகிறது.

கண்டியில் இதையே செய்ய நினைக்கும் நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். கண்டியின் உயரம் 500 மீற்றர் அளவுதான். மூச்சுப் பிரச்சினை அங்கே பெரிதல்ல. அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1807இல் வெட்டுவித்த குளத்தைச் சுற்றியுள்ள வீதி மட்டமானதுதான், ஆனால் வாகனம் ஓயாது. விடியற்காலையைத் தவிர அங்கே சைக்கிளைப் பற்றி நினைக்க முடியாது. ஹட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கம் இன்னும் அழகான தண்ணீர், சுற்றிலும் தோட்டங்கள். ஆனால் அது மின்சாரத்துக்கான நீர்த்தேக்கம், மட்டம் ஏறி இறங்கும். கோடையில் துறைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு கிடக்கும். சேலை கட்டிய ஒருவர் அந்தச் சேற்றைத் தாண்டிப் படகில் ஏற வழி செய்த பிறகுதான் அங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.